காலி உறையும் மூன்று பேரமும்: ஸ்டார் வார்ஸ் பொம்மை உரிமத்தின் கதை

1977 கிறிஸ்துமஸ் சமயம். அமெரிக்காவில் பொம்மை வியாபாரம் உச்சத்தில் இருக்கும் வாரங்கள். அந்த ஆண்டு கடைகளில் தட்டையான ஓர் அட்டை உறை விற்பனைக்கு வந்தது. மேலே ஸ்டார் வார்ஸ் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. உள்ளே பொம்மை இல்லை. பொம்மைகளை நிறுத்தி வைக்க ஓர் அட்டைப் பின்னணி, சில ஸ்டிக்கர்கள், ரசிகர் சங்க உறுப்பினர் அட்டை, அப்புறம் தபாலில் அனுப்ப வேண்டிய ஒரு சான்றிதழ். அதைப் பூர்த்தி செய்து அனுப்பினால் 1978 பிப்ரவரி 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும்: லூக் ஸ்கைவாக்கர், இளவரசி லேயா, சூபாக்கா, ஆர்டூ-டீடூ.

இல்லாத பொம்மையைக் காசுக்கு விற்ற அந்தக் கம்பெனியின் பெயர் கென்னர். ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தைச் சேர்ந்தது. இதை ஒரு விளம்பரச் சாமர்த்தியமாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஓர் உரிம ஒப்பந்தத்தின் விளைவாகவே தெரிகிறது. ஒப்பந்தம் எப்போது கையெழுத்தாகிறது, எந்த விலையில், யாருக்கு அவசரம் என்பதெல்லாம் கடைசியில் கடை அலமாரியில் வந்து நிற்கும். ஸ்டார் வார்ஸ் உரிமம் இருபது ஆண்டுகளில் மூன்று முறை பேரம் பேசப்பட்டது. மூன்று முறையும் அதே ஸ்டார் வார்ஸ்தான், பொம்மையும் ஏறத்தாழ அதே பொம்மைதான். யார் கை ஓங்கியிருந்தது என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் மாறியது. பொம்மைக் கம்பெனிகள் உரிமம் வாங்கும் முறையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் பேரம்: யாருக்கும் வேண்டாத சரக்கு

எழுபதுகளின் நடுவில் சினிமாவை நம்பிப் பொம்மை செய்வது புத்திசாலித்தனமாகக் கருதப்படவில்லை. காரணம் எளிது. ஒரு பொம்மையை வரைந்து, செதுக்கி, எஃகு அச்சு வெட்டி, தொழிற்சாலையில் ஓட்டி, கப்பலில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவர ஓராண்டுக்கு மேல் ஆகும். படமோ சில வாரங்களில் தியேட்டரை விட்டுப் போய்விடும். அச்சு தயாராகும்போது பிள்ளைகள் படத்தையே மறந்திருப்பார்கள். தொலைக்காட்சித் தொடர் அப்படி இல்லை, வாரா வாரம் வீட்டுக்குள் வந்து ஞாபகப்படுத்தும். கென்னரே அதற்கு முன் பெரிதாகச் சம்பாதித்தது ‘சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் பொம்மையில்தான்.

படத் தயாரிப்பு நிறுவனமான ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸுக்கும் இதில் பழைய சூடு இருந்தது. 1967-இல் அது வெளியிட்ட ‘டாக்டர் டூலிட்டில்’ படத்துக்காக நூற்றுக்கணக்கான பொருள்கள் சந்தைக்கு வந்தன. படம் விழுந்தது, சரக்கும் கூடவே விழுந்தது. ஆகவே ஸ்டார் வார்ஸின் இயக்குநர் ஜார்ஜ் லூக்கஸ் தன் சம்பளத்தை உயர்த்திக் கேட்காமல், தொடர் படங்களின் உரிமையிலும் பொருள் விற்பனை உரிமையிலும் பிடிமானம் கேட்டபோது ஸ்டுடியோவுக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தலாகத் தோன்றவில்லை. மதிப்பில்லாதது என்று நினைத்த ஒன்றைத்தான் தூக்கிக் கொடுத்தார்கள். பின்னால் வந்த எல்லாப் பேரங்களுக்கும் அங்கேதான் வேர்.

அந்தக் காலத்தில் கைகால் அசையும் பாத்திரப் பொம்மைகளான ஆக்‌ஷன் ஃபிகர் சந்தையில் பெரிய கை மீகோ. 1972 முதல் சூப்பர்ஹீரோக்களை எட்டு அங்குலப் பொம்மைகளாக விற்றுக்கொண்டிருந்தது. உரிமம் வாங்குவதிலேயே வளர்ந்த கம்பெனி அது. இயல்பாகவே ஸ்டார் வார்ஸ் அதன் வாசலுக்குப் போனது. மீகோ வேண்டாம் என்றது. அப்போது அவர்கள் கவனமெல்லாம் மைக்ரோநாட்ஸ் மேல் இருந்தது. அது ஜப்பானின் டகாரா கம்பெனியிடமிருந்து உரிமம் வாங்கிய பொம்மை வரிசை, நன்றாகவும் விற்றது. கையில் ஓடும் சரக்கு இருக்கும்போது, பெயர் தெரியாத ஒரு விண்வெளிப் படத்துக்கு அச்சு வெட்ட யார் போவார்கள்? மீகோவை முட்டாள் என்று சிரிப்பது சுலபம். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் பெரும்பாலோர் அதையேதான் செய்திருப்பார்கள்.

கென்னரின் தலைவர் பெர்னார்ட் லூமிஸ் ஒத்துக்கொண்டார். ஒரு கதையில் பொம்மையாகும் தன்மை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ‘டாயெடிக்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். கென்னர் அப்போது ஜெனரல் மில்ஸ் என்ற உணவுக் கம்பெனியின் கையில் இருந்தது. 1977 மே 25-இல் படம் வெளிவருவதற்குச் சற்று முன்புதான் பேரம் முடிந்தது. கென்னருக்குக் கிடைத்த விதிகள் இன்றைய கண்ணுக்கு நம்ப முடியாதவை. ராயல்டி குறைவு. அந்தக் குறைந்த ராயல்டியையும் ஃபாக்ஸும் லூக்கஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஒரு குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவந்தால் போதும், உரிமம் கென்னரிடமே தொடரும். முடிவு தேதி என்று ஒன்று நடைமுறையில் இல்லை.

உரிமம் என்றால் என்ன வாங்குகிறார்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இப்படி ஓர் ஒப்பந்தத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். படத்தின் பெயரையும் பாத்திரங்களையும் பயன்படுத்த அனுமதி என்று மட்டும் நினைத்தால் பாதிதான் சரி. வாங்குவது ஒரு துண்டு. எந்த வகைப் பொருள், எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த மாதிரிக் கடைகளில், தனியுரிமையா பலரில் ஒருவரா என்று ஐந்தாறு பக்கமும் வெட்டிய துண்டு. பிளாஸ்டிக் ஆக்‌ஷன் ஃபிகர் ஒருவரிடம் இருக்கும், பஞ்சுப் பொம்மை இன்னொருவரிடம், விலையுயர்ந்த சேகரிப்பாளர் சிலை மூன்றாமவரிடம். ஒரே பாத்திரத்தை நான்கு கம்பெனிகள் செய்வது இதனால்தான். உயரமும் விலையும்கூட எல்லைக்கோடாக எழுதப்படும். பெரிய கம்பெனி ஆக்‌ஷன் ஃபிகர் உரிமத்தை வைத்திருக்கும்போதே, ஆறில் ஒரு பங்கு அளவில், உண்மைத் துணி உடுத்திய விலை கூடிய பொம்மைகளை வேறொரு கம்பெனி செய்கிறதென்றால், அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது என்று பொருள். சிறிய கம்பெனிகள் உள்ளே நுழைவது பெரும்பாலும் இந்தச் சந்துகள் வழியாகத்தான்.

பணம் மூன்று வடிவில் போகும். முதலாவது ராயல்டி. கம்பெனி கடைக்காரருக்கு விற்கும் மொத்த விலையில் ஒரு சதவீதம், வாடிக்கையாளர் கொடுக்கும் விலையில் அல்ல. இரண்டாவது முன்பணம். மூன்றாவது குறைந்தபட்ச உத்தரவாதம். சினிமா விநியோகத்தில் ‘எம்.ஜி.’ என்று சொல்கிறார்களே, அதே சங்கதிதான். விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு கட்டியே தீர வேண்டும். கணக்கு புரிய ஒரு கற்பனை உதாரணம்: மொத்த விலை 5 டாலர், ராயல்டி 12 சதவீதம் என்றால் ஒரு பொம்மைக்கு 60 சென்ட். உத்தரவாதத் தொகை 30 லட்சம் டாலர் என்றால், 50 லட்சம் பொம்மை விற்றால்தான் அது கழியும். 20 லட்சம்தான் விற்றது என்றால் 12 லட்சம் டாலர் ராயல்டியாகக் கழிந்துபோக மீதி 18 லட்சத்தைக் கம்பெனி தன் பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அச்சுக்கும் சரக்குக்கும் போட்ட பணம் தனி.

உரிமையாளர்கள் உத்தரவாதத் தொகையைப் பெரிதாகக் கேட்பது பேராசையால் மட்டுமல்ல. உரிமத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, போட்டியாளருக்குக் கிடைக்காமல் செய்கிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. கட்ட வேண்டிய தொகை பெரிதாக இருந்தால் அந்த ஆட்டம் கட்டுப்படியாகாது. ஆகவே உரிமம் கேட்டு வருபவரிடம் முதலில் அவர்கள் பார்ப்பது பொம்மையின் அழகை அல்ல. எத்தனை கடைகளில் அலமாரி பிடித்திருக்கிறாய், போன வருஷம் என்ன விற்றாய், மூன்று வருஷக் கணிப்பைக் காட்டு, பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, தொழிற்சாலை பாதுகாப்புச் சோதனையில் தேறியதா என்று கேட்பார்கள். அதன் பிறகுதான் ஓவியம். நல்ல சிற்பி ஒருவர் கையில் அருமையான மாதிரியோடு போய் வெறுங்கையோடு திரும்புவது இந்த வரிசை தெரியாததால்தான்.

நடிகரின் முகம் இன்னொரு சிக்கல். பாத்திரம் ஸ்டுடியோவின் சொத்து, முகம் நடிகருடையது. நடிகரின் ஒப்பந்தத்தில் முகத்தைப் பொருள்களுக்குப் பயன்படுத்த ஒப்புதல் இருந்தால்தான் ஸ்டுடியோவால் அதைப் பொம்மைக் கம்பெனிக்குக் கொடுக்க முடியும். முகமூடி போட்ட பாத்திரம் வரிசையில் முதலில் வந்து, கதாநாயகன் பின்னால் வந்தால் சில சமயம் இதுதான் காரணம்.

மூன்றே முக்கால் அங்குலம்

சரி, கென்னருக்குத் திரும்புவோம். உரிமம் கைக்கு வந்ததும் அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு உயரம். 1964-இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி ஜி.ஐ.ஜோ என்ற ராணுவ வீரன் பொம்மையை 12 அங்குலத்தில் கொண்டுவந்தது. ஆண்பிள்ளைகள் ‘டால்’ வைத்து விளையாட மாட்டார்கள் என்பதால் ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற பெயரும் அப்போதுதான் பிறந்தது. (அந்த யோசனையைக் கொண்டுவந்த உரிம ஏஜென்ட் ஸ்டான் வெஸ்டன் ராயல்டியை விட்டுவிட்டு 1,00,000 டாலரை மொத்தமாக வாங்கிக்கொண்டார். ஜி.ஐ.ஜோ பிறகு பல பத்தாண்டுகள் ஓடியது.) 12 அங்குலமோ எட்டு அங்குலமோ உள்ள ஆளை உட்கார வைக்க விண்கலம் செய்தால் அது மேசை அளவுக்கு வரும், யாரும் வாங்க முடியாது. ஸ்டார் வார்ஸில் ஆட்கள் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கலங்களும். ஆகவே ஆளைச் சுருக்கி 3¾ அங்குலம் ஆக்கினார்கள். மலிவு, கையடக்கம், ஒன்றோடு நிற்காமல் பலவற்றை வாங்க வைக்கும். இதுவும் ஒருவகையில் ராயல்டிக் கணக்குதான். ஒரு குழந்தை ஒரு பெரிய பொம்மை வாங்குவதற்குப் பதில் பன்னிரண்டு சிறிய பொம்மை வாங்கும், பிறகு அவை ஏறிக்கொள்ளக் கலம் வாங்கும்.

ஆனால் காலம் கைகொடுக்கவில்லை. ஒப்பந்தம் தாமதமாகக் கையெழுத்தானதால், மே மாதம் படம் வெடித்தபோது கென்னரிடம் அட்டைப் புதிர்கள், பலகை விளையாட்டு போன்ற காகிதச் சரக்குதான் சீக்கிரம் தயாரானது. அச்சு வெட்டும் வேலையை யாராலும் முடுக்கிவிட முடியாது. கிறிஸ்துமஸுக்குள் பொம்மை வராது என்று தெரிந்ததும்தான் அந்தக் காலி உறை பிறந்தது. டிசம்பர் 31-க்கு மேல் அதை விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதில் அச்சாகியிருந்தது. கடைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், பத்திரிகைகள் கேலி செய்தன. 1978-இல் பொம்மைகள் நிஜமாகவே வந்தபோது அந்த ஆண்டில் மட்டும் 4 கோடிக்கு மேல் விற்றன. வருமானம் 10 கோடி டாலரைத் தாண்டியது.

மீகோவின் பக்கமும் பார்த்துவிடலாம். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அடுத்த சில ஆண்டுகளில் வந்த விண்வெளிப் படங்களையும் தொடர்களையும் அது தேடித் தேடி வாங்கியது: பக் ராஜர்ஸ், பிளாக் ஹோல், 1979-இன் ஸ்டார் டிரெக் படம். எதுவும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 1982-இல் திவால் மனு. மீகோவைச் சாய்த்தது அந்த ஒரு மறுப்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கணக்கில், மறுத்ததைவிட அதற்குப் பின் எதையும் மறுக்காமல் வாங்கியதுதான் அதிக சேதம்.

ஒப்புதல் என்னும் சல்லடை

உரிமம் கையெழுத்தானதோடு வேலை முடிவதில்லை. வரைபடம், சிற்ப மாதிரி, வண்ண மாதிரி, அட்டைப்பெட்டி வடிவமைப்பு, தொழிற்சாலையிலிருந்து வரும் முதல் பொம்மை என்று ஒவ்வொரு கட்டத்திலும் உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு வாரம் தாமதமானால் கப்பல் தவறும், கப்பல் தவறினால் பருவம் தவறும். ஒப்புதல் கேட்கும் கடிதத்துக்கு இத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்ற ஒரு வரிக்காக வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

1978-இல் இந்தச் சல்லடை இவ்வளவு நெருக்கமாக இல்லை. படத்தின் மதுக்கடைக் காட்சியில் வரும் ஸ்னாகிள்டூத் என்ற பிராணியின் கதையைப் பாருங்கள். கென்னரிடம் இருந்தது இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் ஒரு படம்தான். நிறமும் அதில் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. சிற்பி தன் ஊகத்தில் உயரமான ஆளாக, நீல உடையும் பூட்ஸும் போட்டுச் செய்துவிட்டார். சியர்ஸ் கடைக்கென்றே தயாரித்த ஒரு தொகுப்பில் அது வெளிவந்தும் விட்டது. அப்புறம்தான் படத்தில் அந்தப் பிராணி குள்ளம், உடை சிவப்பு என்பது தெரிந்தது. திருத்தினார்கள். தவறாக வந்த நீல ஸ்னாகிள்டூத்தைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

உரிமையாளரையும் மீறி வரும் தடை ஒன்று உண்டு: பாதுகாப்பு. 1979-இல் போபா ஃபெட் என்ற புதுப் பாத்திரத்தைக் கென்னர் அறிவித்தது. அட்டையில் உள்ள நான்கு சான்றுச்சீட்டுகளை வெட்டி அனுப்பினால், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் பொம்மை இலவசம். அதே சமயத்தில் மாட்டெல் கம்பெனியின் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா கலத்தில் இருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கி உயிரைப் பறித்தது. கென்னர் பின்வாங்கியது. ராக்கெட்டை முதுகோடு அசையாமல் பொருத்தி அனுப்பினார்கள். ஏற்கெனவே அச்சான அட்டைகளில் ராக்கெட் பாயும் என்ற வரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பாயும் ராக்கெட்டோடு பொதுமக்கள் கைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. தொழிற்சாலை மாதிரிகள் மட்டும் மிஞ்சின.

பழைய பொம்மை கையில் கிடைத்தால் காலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஒப்பந்த வரலாறே அங்கே பொறித்திருக்கும். முதல் பன்னிரண்டு பொம்மைகளில் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977 என்றிருக்கும். ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப்பின் சுருக்கம் அது. அதாவது பதிப்புரிமைக் குறி பொம்மைக் கம்பெனியின் பெயரில். ‘எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்துப் பொம்மைகளைத் திருப்பினால் எல்.எஃப்.எல். 1980 என்று இருக்கும். லூக்கஸின் கம்பெனியான லூக்கஸ்ஃபிலிமின் சுருக்கம். அந்த இரண்டாவது படத்துக்கு லூக்கஸே பணம் திரட்டினார், பொருள் விற்பனையில் ஸ்டுடியோவின் பிடி தளர்ந்தது. செதுக்கியது கென்னரின் ஆள், அச்சு வெட்டியது கென்னரின் பணம், ஆனாலும் குறி இப்போது அந்தப் பக்கம். இன்றைய ஒப்பந்தங்களில் இது ஏறத்தாழ வழக்கமே ஆகிவிட்டது. உரிமம் முடிந்ததும் அச்சுகள் கம்பெனியின் கிடங்கில் கிடக்கும், அவற்றில் ஒரு பொம்மைகூட ஓட்ட முடியாது. மீதிச் சரக்கை விற்றுத் தீர்க்கச் சில மாத அவகாசம் மட்டும் தருவார்கள்.

இரண்டாம் பேரம்: கட்ட மறந்த தொகை

1983-இல் மூன்றாவது படம் வந்தது, 1985-இல் பொம்மை வரிசை அடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கென்னர் கைமாறிக்கொண்டே இருந்தது. ஜெனரல் மில்ஸ் 1985-இல் அதைப் பிரித்துவிட்டது, 1987-இல் டோன்கா என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது, 1991-இல் டோன்காவையே ஹாஸ்ப்ரோ விழுங்கியது. இந்தக் கைமாற்றங்களின் நடுவே, ஆண்டுதோறும் லூக்கஸுக்குக் கட்ட வேண்டிய அந்தக் குறைந்தபட்சத் தொகை கட்டப்படாமல் போனது. படம் இல்லை, பொம்மை இல்லை, ஏன் கட்ட வேண்டும் என்று யாரோ ஒருவர் கணக்குப் புத்தகத்தில் கோடு போட்டார் என்பதுதான் அந்தக் காலத்துக் கென்னர் ஆட்கள் சொல்லிவரும் கதை. விளைவு ஒன்றுதான். நிரந்தரமாக இருந்திருக்கக்கூடிய உரிமம் அறுந்தது.

ஸ்டார் வார்ஸ் அப்போது செத்த பாம்பு மாதிரித் தெரிந்தது. ஆனால் லூக்கஸ்ஃபிலிம் சும்மா இருக்கவில்லை. சிறிய கலங்களுக்கான உரிமத்தைக் காலூப் என்ற கம்பெனிக்குக் கொடுத்தது. மைக்ரோ மெஷின்ஸ் என்ற பெயரில் கட்டைவிரல் அளவுக் கலங்கள் விற்கத் தொடங்கின. ஹாஸ்ப்ரோவுக்கு உறைத்தது. 1995-இல் புதிய ஆக்‌ஷன் ஃபிகர் வரிசையோடு கென்னர் முத்திரை திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை பழைய ஒப்பந்தம் கிடையாது. உரிமையாளரிடம் போய்ப் புதிதாக உட்கார்ந்து, புதிய விலையில் பேச வேண்டியிருந்தது. கையில் இருந்ததை விட்டவர் அதையே மறுபடி விலைக்கு வாங்கினார்.

ஒப்பந்தங்களைப் படிப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் உண்மையான பாடம் என்று நினைக்கிறேன். கம்பெனியை வாங்கும்போது கட்டடம், இயந்திரம், ஆட்கள் எல்லாம் கணக்கில் தெரியும். எந்த உரிமம் எந்தத் தேதியில் எந்தத் தொகைக்குக் கட்டுப்பட்டுத் தொங்குகிறது என்பது ஒரு கோப்பின் பதினேழாம் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

மூன்றாம் பேரம்: பங்கையும் சேர்த்துக் கொடு

1997-இல் பழைய படங்கள் சிறப்புப் பதிப்பாக மறுபடி தியேட்டருக்கு வந்து ஓடின. புதிய மூவரிசைப் படங்கள் வரப்போகின்றன என்பது ஊருக்கே தெரியும். இப்போது வாசலில் வரிசையில் நின்றது பொம்மைக் கம்பெனிகள். அந்த ஆண்டு அக்டோபரில் ஹாஸ்ப்ரோவும் காலூப்பும் உரிமத்தைப் பிடித்தன. ஹாஸ்ப்ரோ கொடுத்த விலை: ஏறத்தாழ 60 கோடி டாலர் குறைந்தபட்ச உத்தரவாதம். அதோடு ஹாஸ்ப்ரோவின் பங்குகளை முன்கூட்டி நிர்ணயித்த விலையில் வாங்கும் வாரன்ட்டுகளும் லூக்கஸ் தரப்புக்குப் போயின. காலூப்பும் அதே பாணியில் தன் பங்கில் வாரன்ட் கொடுத்தது. மறு ஆண்டே காலூப்பை ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டதால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தது.

உரிமையாளர் பங்கு கேட்பது புதிதல்ல. 1993-இல் காமிக்ஸ் கம்பெனியான மார்வெல் தன் பாத்திரங்களை ராயல்டியே இல்லாமல், தனியுரிமையாக, நிரந்தரமாக டாய் பிஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அந்தக் கம்பெனியில் 46 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. ராயல்டி என்பது விற்ற பொம்மையில் பங்கு. இது கம்பெனியிலேயே பங்கு. பொம்மையால் கம்பெனியின் மதிப்பு ஏறினால் அந்த ஏற்றத்திலும் எனக்கு வேண்டும் என்கிற பேச்சு.

1999 மே மாதம் புதிய வரிசையின் முதல் படமான ‘ஃபான்டம் மெனஸ்’ வந்தது. பொம்மைகள் படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டன. நள்ளிரவில் கடை திறந்தார்கள், பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். விற்பனை நிஜமாகவே பெரிது. ஆனால் கடைகள் வாங்கிக் குவித்தது அதைவிடப் பெரிது. அந்த ஆண்டு இறுதிக்குள் சில பாத்திரங்கள் தள்ளுபடிக் கூடைகளில் குவிந்தன. உத்தரவாதம் பெரிதாக இருக்கும்போது இது ஏறத்தாழ தவிர்க்க முடியாதது. கழிக்க வேண்டிய தொகை தலைக்கு மேல் தொங்குகிறது, ஆகவே எண்ணிக்கையைக் கூட்டு, வகையைக் கூட்டு, கடைகளில் திணி. கடைக்காரர் ஒருமுறை சூடுபட்டால் அடுத்த படத்துக்குக் குறைவாகத்தான் ஆர்டர் கொடுப்பார். 1977-இல் பொம்மை இல்லாமல் உறையை விற்ற அதே பெயர், 22 ஆண்டு கழித்து வாங்க ஆளில்லாமல் பொம்மைகளை வைத்துக்கொண்டு நின்றது.

2003 தொடக்கத்தில் இரண்டு தரப்பும் மறுபடி உட்கார்ந்தன. உத்தரவாதத் தொகையில் 8.5 கோடி டாலர் குறைக்கப்பட்டது, உரிமக் காலம் பத்தாண்டு நீட்டிக்கப்பட்டு 2018 வரை போனது. உரிமையாளர் ஏன் இறங்கி வந்தார்? பொம்மைக் கம்பெனி மூச்சுத் திணறினால் பொம்மை தரம் குறையும், கடைகள் விலகும், சொத்தின் மதிப்பே விழும். நல்ல உரிமையாளருக்கு இது தெரியும். வாரன்ட்டுகள் கதை 2007-இல் முடிந்தது. ஹாஸ்ப்ரோ 20 கோடி டாலர் ரொக்கம் கொடுத்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கியது. முதல் பேரத்தில் சில்லறைக் காசில் நிரந்தர உரிமை வைத்திருந்த வம்சம், மூன்றாம் பேரத்தின் ஒரு துணைப் பிரிவுக்காக மட்டும் கட்டிய தொகை இது.

2012-இல் டிஸ்னி லூக்கஸ்ஃபிலிமை 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியபோது இந்த உரிமமும் ஒட்டிக்கொண்டே போனது. வீட்டை விற்றாலும் வாடகைதாரரின் ஒப்பந்தம் நிற்பது போல. மறு ஆண்டு அது 2020 வரை நீண்டது. டிஸ்னியோடு நல்ல உறவு இருந்ததால் ஹாஸ்ப்ரோவுக்கு வேறு கதவுகளும் திறந்தன. பல ஆண்டுகள் மாட்டெலிடம் இருந்த டிஸ்னி இளவரசிகள் 2016-இல் ஹாஸ்ப்ரோவுக்கு வந்தார்கள். பிறகு 2022-இல் மறுபடி மாட்டெலுக்கே போவதாக அறிவிப்பு வந்தது.

2015-இல் ‘ஃபோர்ஸ் அவேகன்ஸ்’ படம் டிசம்பரில். பொம்மைகள் செப்டம்பர் 4-ஆம் தேதியே கடைக்கு வந்துவிட்டன. 1977-இன் தலைகீழ். இப்போது பொம்மைக் கம்பெனி படம் முடியும் முன்பே எல்லாவற்றையும் பார்க்கிறது, ஆனால் எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாது என்பதை ரகசியக் காப்பு விதி தீர்மானிக்கிறது. அந்த செப்டம்பரில் வந்த ஹாஸ்ப்ரோவின் மோனோபாலி விளையாட்டில் படத்தின் நாயகி ரே இல்லை. நாயகியே இல்லாத விளையாட்டா என்று கண்டனம் எழுந்தது. படம் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டதால், கதையின் ஒரு முக்கியத் திருப்பம் வெளியாகிவிடக் கூடாது என்றுதான் அவளைச் சேர்க்கவில்லை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுதிய கடிதம் பரவலாகப் பகிரப்பட்ட பிறகு, அடுத்த பதிப்பில் ரே சேர்க்கப்படுவாள் என்றும் அறிவித்தது.